வெயில் இருக்கு, ஸ்டீம் இல்லை: மொட்டைமாடி சோலார் டிஷ்ஷில் சூடு எங்கே போகிறது?

பெங்களூரில் ஓசூர் ரோடு, பொம்மசந்திரா தாண்டி ஒரு விடுதி. அதன் மொட்டைமாடியில் நிற்கும் பத்து டிஷ்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒவ்வொன்றும் 16 சதுர மீட்டர் கண்ணாடி. வெயிலை வாங்கி, பெரிய தாம்பாளம் அளவுள்ள ஒரு ரிசீவரில் குவிக்கும். அங்கே கொதிக்கும் தண்ணீர் ஸ்டீமாகி, ஹெடர் டிரம் என்ற உருளைத் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து குழாய் வழியாக இரண்டு மாடி இறங்கி, அடுப்படியில் சோற்றுக்கும் சாம்பாருக்கும் போகும். திருமலையில் 2002-லும் ஷீரடியில் 2009-லும் போட்டார்களே, அந்த வகைதான்; அளவில் சின்னது.

சமையல் மாஸ்டர் திருப்பத்தூர்க்காரர். பத்தரை மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தால் விஷயம் ஒன்றுதான்: "தம்பி, சோறு வேகல, மேல போய்ப் பாருப்பா." உடனே எல்லோரும் அண்ணாந்து கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். முதல் இரண்டு வருஷம் நானும் அப்படித்தான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கை தேய்ந்தேன். அப்புறம்தான் புரிந்தது: கண்ணாடி வாங்கும் சூட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, வழியில் சிந்திவிடுகிறது.

மூன்று கணக்கை மனதில் வையுங்கள். நல்ல வெயிலில் ஒரு டிஷ் மணிக்கு 5, 6 கிலோ ஸ்டீம் தரும். 5 பார் பிரஷரில் 2 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தால் ஏறக்குறைய அதே அளவு ஸ்டீம் அதன் வழியே போய்விடும். இன்சுலேஷன் இல்லாத ஒரு அங்குலக் குழாய், மீட்டருக்கு 200 வாட்டுக்கு மேல் இழக்கும். ஒரு டிஷ் தருவதே 4 கிலோவாட் சொச்சம்தான் என்பதால், இருபது மீட்டர் வெறும் குழாய் ஒரு டிஷ்ஷை விழுங்கிவிடும்.

## மாடி ஏறும் முன்

ஒளி குவியும் இடத்தில் கையோ துணியோ ஒரு நொடி பட்டாலும் தீதான். ரிசீவர் பக்கம் எதைத் தொடுவதாக இருந்தாலும், டிஷ்ஷை வெயிலிலிருந்து விலக்கி நிறுத்தி, மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஒளி வட்டத்தை வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள், வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வற்றிக் காய்ந்துகிடக்கும் ரிசீவருக்குள் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் விடவே கூடாது. டிஷ்ஷைத் திருப்பிவிட்டு, அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும், மாஸ்டர் எத்தனை முறை போன் அடித்தாலும்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: வெல்டிங் கண்ணாடி, கறுப்பு இன்சுலேஷன் டேப், துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், நீளமான ஸ்க்ரூடிரைவர்.

## அறிகுறி: வெயில் அடிக்கிறது, பிரஷர் கேஜ் முள் அசையவே இல்லை

முதலில் அது நிஜ வெயில்தானா என்று பாருங்கள். கையை நீட்டித் தரையில் நிழலைப் பாருங்கள். ஒவ்வொரு விரலும் கத்தரியால் வெட்டினாற்போல் விழுந்தால் நேர்வெயில். ஓரம் கரைந்து கிடந்தால் அது மேகத்தில் பட்டுச் சிதறி வரும் வெளிச்சம். நமக்கு உடம்பு சுடும், பக்கத்து வீட்டு சோலார் ஹீட்டரில் வெந்நீர்கூட வரும். டிஷ்ஷுக்கு மட்டும் அது உதவாது, நேர்க்கதிரைத்தான் அதால் குவிக்க முடியும். எங்கள் தோட்டக்காரர் கன்னடக்காரர். ஜூலை மாதத்தில் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு "பிசிலு இல்லா" என்பார், அதற்குமேல் சோதனை தேவைப்படாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெங்களூரில் பாதி நாள் இந்தக் கதைதான். அன்றைக்கு கேஸ் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

நிழல் கூர்மையாக இருந்தும் முள் அசையவில்லை என்றால்:

கேஜ் முள் பொய் சொல்லலாம். காலையில் எல்லாம் ஆறிக் கிடக்கும்போது அது பூஜ்யத்தில் நிற்கிறதா? நடுவில் எங்கோ நின்றால் கேஜ் போய்விட்டது. மாற்றுவது சின்னச் செலவு.

ஹெடரின் காற்றுப்போக்கி வால்வோ, அடியில் இருக்கும் வடிகால் வால்வோ திறந்து கிடக்கிறதா? முதல் நாள் கழுவிவிட்ட ஆள் மூட மறந்திருப்பார். சிரிக்காதீர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே வருஷத்துக்கு மூன்று நான்கு முறை நான் மாடி ஏறியிருக்கிறேன்.

ஹெடரின் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எங்கே இருக்கிறது? ஹெடர் பாதிக்குமேல் நிறைந்திருந்தால், கீழே "காலையில் ஸ்டீம் வர நேரமாகிறது" என்ற இடத்துக்குப் போங்கள். மட்டமே தெரியவில்லை என்றால் எல்லா டிஷ்ஷையும் திருப்பிவிட்டு நிறுத்துங்கள், மற்றது அப்புறம்.

இத்தனையும் சரியென்றால் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ரிசீவராகப் பாருங்கள்.

## அறிகுறி: ஒளி வட்டம் ரிசீவரில் சரியாக உட்காரவில்லை

வட்டம் எப்படித் தவறுகிறது என்பதிலேயே காரணம் பாதி தெரிந்துவிடும்.

வரிசை முழுக்க ஒரே பக்கம் விலகி நிற்கிறது. எங்கள் மாடியில் ஒரு வரிசையை ஒரே மோட்டார் திருப்புகிறது. சூரியன் நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. எங்கள் டிஷ் அளவுக்கு, நாலு நிமிஷம் பிந்தினால் வட்டம் சுமார் நாலு விரற்கடை விலகும். கரண்ட் போய் இருபது நிமிஷம் மோட்டார் நின்றிருந்தால் வட்டம் ரிசீவரை விட்டே இறங்கிப் பின்பக்க இன்சுலேஷனைப் பொசுக்கிக்கொண்டிருக்கும். கையால் சுற்றி வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு அரைமணி நேரம் பாருங்கள். அங்கேயே நின்றால் கரண்ட் கட்தான் காரணம், வேலை முடிந்தது. மறுபடி மெல்ல விலகினால் டைமரின் வேகம் தவறு, அல்லது செயின் பல் தாண்டுகிறது. செயினைக் கையால் அழுத்துங்கள். தொளதொளவென்றிருந்தால் இறுக்கி எண்ணெய் விடுங்கள். அதன்பின்னும் விலகினால் டைமரை அமைக்கத் தெரிந்த ஆள் வர வேண்டும்.

தினமும் ஒரே அளவு விலகல் என்றால் டைமரில் நேரம் தவறாக இருக்கிறது. பலர் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு என்று நினைத்து அமைத்துவிடுகிறார்கள். பெங்களூரில் அப்படி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 12.03 வாக்கில் உச்சிக்கு வரும் சூரியன், பிப்ரவரி நடுவில் 12.34 வரை இழுத்தடிக்கும். மாடித் தரையில் சரியான வடக்கு-தெற்குக் கோடு ஒன்று போட்டு வைத்து, தூக்குக்குண்டின் நிழல் அதில் எப்போது விழுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஒட்டிய நாள்களில் இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது. பெங்களூரில் அது நிழலில்லா நாள், நிழல் குண்டுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

ஒரே ஒரு டிஷ் மட்டும் விலகுகிறது. அந்த டிஷ்ஷின் கிளாம்ப் நழுவியிருக்கும். ஸ்பானர் வேலை.

வட்டம் முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. பருவத்துக்கு ஏற்ப டிஷ்ஷின் வளைவை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இந்த வகை டிஷ் சும்மா சாய்வதோடு நிற்காது, பருவத்துக்குத் தகுந்தாற்போல் அதன் உருவத்தையும் கொஞ்சம் வளைத்துக் கொடுக்க வேண்டும். டிசம்பரிலும் ஜூனிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டால் போதும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் ஒரு நாளைக்கு 0.4 டிகிரி வீதம் வடக்கும் தெற்குமாக ஓடும். அப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை திருகாமல் விட்டால் வட்டம் கலைந்துபோகும். செலவு ஒன்றும் இல்லை, ஞாபகம்தான் வேண்டும். நான் காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்துவிடுகிறேன்.

வட்டம் இருக்கிறது, சுற்றிலும் சில்லுச் சில்லாக வெளிச்சம். கண்ணாடித் துண்டுகள் சில கழன்று திரும்பியிருக்கின்றன. எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க ஒரு அட்டையை நீளக் கழியில் கட்டி, வெயில் ஏறாத காலை வேளையில் ஒவ்வொரு துண்டாக மறைத்துப் பாருங்கள். எந்தச் சில்லு அணைகிறதோ அது அந்தத் துண்டுடையது. ஒன்றிரண்டு என்றால் நாமே ஒட்டலாம். டிஷ்ஷின் கம்பிச் சட்டமே புயல் காற்றில் வளைந்திருந்தால் போட்டவர்களைக் கூப்பிடுங்கள். சட்டத்தைத் தட்டி நிமிர்த்தப் போய் இன்னும் கெடுத்தவர்களில் நானும் ஒருவன்.

## அறிகுறி: வட்டம் கச்சிதம், ஆனாலும் ஸ்டீம் குறைவு

தூசி. ஓசூர் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் வாரத்துக்கு இரண்டு முறை கழுவினோம். இப்போது ஒரு முறை. விடிவதற்கு முன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். சாஃப்ட்னரில், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவியில், வந்த தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும், தூசியே தேவலை என்றாகிவிடும். உலர்துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். சந்தேகமிருந்தால் ஒரு டிஷ்ஷை மட்டும் கழுவி, அதன் வட்டத்தையும் பக்கத்து டிஷ்ஷின் வட்டத்தையும் வெல்டிங் கண்ணாடி வழியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் குற்றவாளி தூசி இல்லை. ஓரங்களில் கறுப்பு படர்ந்திருந்தால் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளிப்பூச்சுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அது திரும்ப வராது. பரவிய துண்டுகளை மட்டும் மாற்றுங்கள்.

ரிசீவர் முகத்தின் கறுப்பு. நன்றாக ஆறியபின் கிட்டே போய்ப் பாருங்கள். சாம்பல் நிறமாக வெளுத்தோ, துருவேறிச் செதிலாக உரிந்தோ இருந்தால் ஒளியில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து, சூடு தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ட் இரண்டு மெல்லிய பூச்சு. ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கேட்டுக்கு வாங்கிய பளபளப்புக் கறுப்பை யாரோ அடித்துவிட்டார்கள். மறுநாள் பத்து மணிக்கு மாடியில் புகை எழும்பி, தீயணைப்பு வண்டிக்குப் போன் போகாத குறை.

உள்ளே உப்புப் படிவு. இதுதான் பெங்களூரின் சொந்த வியாதி. போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ, கடினத்தன்மை அதிகம். படிவு ஏறினால் இரும்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் இரும்பிலேயே தேங்கும். 170 டிகிரியில் இருக்க வேண்டிய ரிசீவர் முகம் 300-க்குப் போனால் கதிராக வெளியே வீசும் சூடு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ராஜஸ்தானில் நோக்கில் உள்ள 50 மெகாவாட் நிலையம் போன்ற இடங்களில் எண்ணெயை 400 டிகிரியை ஒட்டிச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் இழப்பு தாங்காது என்றுதான் இரும்புக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய் போட்டு, இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். நம் ரிசீவரோ திறந்த முகம். அதைத் தேவையில்லாமல் சூடேற விட்டால் வாங்கியதை அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கும்.

சோதனை எளிது. சாஃப்ட்னரில் வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இரண்டு சொட்டு சோப்பு போட்டுக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் சரி. பால் மாதிரி கலங்கி நுரை அடங்கினால் சாஃப்ட்னருக்கு உப்பு போட்டு மீட்டெடுக்க மறந்துவிட்டீர்கள். ஒரு மூட்டை உப்போடு போகிற விஷயத்தை விட்டுவைத்தால் ரிசீவர் விலைக்கு வந்து நிற்கும். தினம் காலையில் அடி வால்வைச் சில நொடி திறந்து அடியில் தங்கிய கசடை வெளியேற்றுங்கள். ஏற்கெனவே ஏறிவிட்ட படிவை அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். அது வேறொருவர் வேலை, யூடியூப் பார்த்துச் செய்யக்கூடியது இல்லை.

## அறிகுறி: மேலே 4 பார் காட்டுகிறது, கீழே சோறு வேகவில்லை

என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான். மேலே எல்லாம் ஒழுங்கு. கீழே மாஸ்டர் மூடியைத் திறந்து அரிசியை நசுக்கிக் காட்டுவார், நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருக்கும்.

முதலில் காற்று. ராத்திரி ஸ்டீம் குளிர்ந்து சுருங்கும்போது குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். காலையில் அதை வெளியே விடாமல் பிரஷர் ஏற்றினால் முள் ஏறும், சூடு ஏறாது. கேஜையும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் படியுங்கள். பெங்களூர் உயரத்தில் சுத்தமான ஸ்டீம் என்றால் கேஜில் 3 பாருக்கு 143 டிகிரி, 5 பாருக்கு 158, 7 பாருக்கு 170 இருக்க வேண்டும். 3 பார் காட்டிக்கொண்டு 125 டிகிரிதான் என்றால் குழாயில் காற்று கலந்திருக்கிறது. ஹெடரின் காற்றுப்போக்கியைத் திறந்து, சீறலோடு வெள்ளை ஆவி ஒரே சீராக வரும்வரை விடுங்கள். குழாயின் கடைசி முனையிலும், அதாவது அடுப்படியின் கோடியில் இருக்கும் பாத்திரத்துக்கு அப்பாலும், ஒரு காற்றுப்போக்கி வேண்டும். எங்கள் இடத்தில் முதலில் அது இல்லை. போட்ட அன்றைக்குக் கடைசி அண்டாவின் நெடுநாள் நோய் தீர்ந்தது.

அப்புறம் ஸ்டீம் ட்ராப். குளிர்ந்து தண்ணீரானதை வெளியே விட்டு, ஸ்டீமை உள்ளேயே நிறுத்துவதுதான் இதன் வேலை. இது இரண்டு விதமாகக் கெடும்.

அடைத்துக்கொண்டால் பாத்திரத்தின் சட்டைக்குள் தண்ணீர் தேங்கி, சூடு ஏறாது. ட்ராப்பைத் தாண்டிய குழாய் சில்லென்று இருக்கும். ட்ராப்பைக் கழற்றும் முன் அதற்கு முன்னால் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள், பெரும்பாலும் துருத்தூள் அதில்தான் மாட்டியிருக்கும். வால்வை மூடி, பிரஷர் இறங்கியபின்தான், நினைவிருக்கட்டும்.

திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அதுதான் பெரிய திருடன். ஸ்டீம் சத்தமில்லாமல் வடிகாலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் முனையை ட்ராப் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டுங்கள். தட்டு வகை ட்ராப் நன்றாக இருந்தால் 'டக்' என்று மூடும், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி 'டக்'. நிற்காமல் கடகடவென்றோ சீறிக்கொண்டோ இருந்தால் போய்விட்டது. அதற்குள் இருக்கும் ஓட்டை 2, 3 மி.மீ. இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி ஒன்று இரண்டு டிஷ்ஷின் உழைப்பு அதன் வழியே போகிறது. எங்கள் அடுப்படியில் ஆறு ட்ராப். ஒருமுறை மூன்று இப்படித் திறந்து கிடந்தன. நானோ மேலே பத்து டிஷ்ஷையும் அந்த வாரத்தில் இரண்டாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் குழாயின் சட்டை, அதாவது இன்சுலேஷன். மாடியிலிருந்து அடுப்படி வரை குழாயைத் தொடர்ந்து நடந்து வாருங்கள். வெறும் இரும்பு எங்கெல்லாம் தெரிகிறது? நேர்க்குழாய்க்கு எல்லோரும் ராக்வூல் சுற்றியிருப்பார்கள். வால்வு, ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் தட்டு), சப்போர்ட் இவைதான் அம்மணமாக நிற்கும். ஒரு வால்வு ஒரு மீட்டர் வெறும் குழாய்க்குச் சமம் என்பது ஃபிட்டர்கள் சொல்லும் கணக்கு. வால்வு மாற்ற வந்தவர் கழற்றிய சட்டையைத் திரும்பப் போடுவதே இல்லை. "அடுத்த வாட்டி கழட்ட ஈசியா இருக்கும் சார்" என்பார். அவருக்கு ஈசிதான். வெல்க்ரோ ஒட்டிய கழற்றி மாட்டும் சட்டை கிடைக்கிறது, வாங்கிப் போட்டுவிடுங்கள்.

மூடிய இடமும் நன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அலுமினியத் தகட்டின் மேல் புறங்கையை வையுங்கள். வைக்க முடியாமல் இழுத்துக்கொண்டால் உள்ளே ராக்வூல் நழுவியோ நனைந்தோ இருக்கிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நேராகப் பளபளக்கும் தகட்டில் காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், "எல்லாம் நல்லாயிருக்கு" என்று ஏமாந்துவிடுவீர்கள். அங்கங்கே ஒரு சாண் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளவு எடுங்கள். இன்னொரு கருவியும் உண்டு, செலவில்லாதது: டிசம்பர் காலையில் விடுதிப் பூனை எங்கே சுருண்டு படுக்கிறது என்று பாருங்கள். எங்கள் படிக்கட்டு வளைவில் மூன்றடி ராக்வூல் இறங்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்தது அதுதான்.

வெறும் இடங்களை மூடி, காற்றை விட்டு, ட்ராப்புகளைச் சரிசெய்த பின்னும் மேலுக்கும் கீழுக்கும் ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குழாயின் விட்டமே போதவில்லை, அல்லது நடுவில் தண்ணீர் தேங்கும் தொய்வு இருக்கிறது. குழாய்ப் பாதையை மாற்றும் வேலை அது. ஸ்டீம் குழாய் தெரிந்தவர்தான் வர வேண்டும், சாதாரண பிளம்பர் இல்லை.

## அறிகுறி: காலையில் ஸ்டீம் வர நேரமாகிறது

எட்டரைக்கு வந்தது பத்துக்கு வருகிறது என்றால், முதலில் கிழக்கே பாருங்கள். பக்கத்து மனையில் புதிதாக இரண்டு மாடி எழும்பியிருக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அடுத்து ஹெடரின் தண்ணீர் மட்டம். ராத்திரி குளிரும்போது உள்ளே வெற்றிடமாகி, ஹெடருக்குத் தண்ணீர் ஏற்றும் ஃபீட் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஃபீட் பம்ப்பின் பக்கமிருக்கும் என்.ஆர்.வி. (ஒருவழி வால்வு) தண்ணீர் திரும்பி வெளியே போவதைத்தான் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது. நூறு லிட்டர் கூடுதலாக ஏறியிருந்தால் அதை 5 பார் பிரஷரின் கொதிநிலைக்குக் கொண்டுபோக மட்டும் கிட்டத்தட்ட 16 யூனிட் சூடு வேண்டும். பத்து டிஷ்ஷும் முழுவேகத்தில் ஓடினால்கூட அரைமணி நேரம். காலை வெயிலில் அது ஒரு மணியைத் தாண்டும். இன்று சாயங்காலம் மட்டத்தில் டேப் ஒட்டி, ஃபீட் வால்வைக் கையால் மூடிவிட்டுப் போங்கள். நாளை மட்டம் ஏறாமல் இருந்தால் தண்ணீர் வந்த வழி அதுதான். இனி தினமும் சாயங்காலம் அந்த வால்வை மூடிவிடுங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஃபீட் வால்வைத் திறக்க மறக்க வேண்டாம்.

மட்டம் சரி, ஆனால் ஹெடர் ராத்திரியில் அதிகம் ஆறுகிறதா? சாயங்காலம் ஆறு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் சூட்டைக் குறியுங்கள். எங்கள் மாடியில் 120-ல் விட்டுப் போனால் காலையில் 85, 90 இருக்கும். அறுபதாக இருந்தால் ஒரு ராத்திரி மெயின் ஸ்டீம் வால்வை மூடிப் பாருங்கள். மூடியபின் ஆறுவது குறைந்தால் இழப்பு அடுப்படிப் பக்கம். குறையாவிட்டால் ஹெடரின் சொந்த இன்சுலேஷன்.

ஃபீட் தண்ணீரை முதலில் வேக்வம் ட்யூப் ஹீட்டரில் சூடாக்கி அனுப்புகிறவர்கள் ட்யூபின் அடிமுனையையும் பாருங்கள். அங்கே கண்ணாடிபோல் வெள்ளி நிறம் இருக்க வேண்டும். பால்வெள்ளையாக மாறியிருந்தால் வேக்வம் போய்விட்டது. ட்யூபைக் கழற்றி வேறு போட வேண்டியதுதான்.

## அறிகுறி: மழைக்கு மறுநாள் மந்தம்

மே மாத மாலை மழை, அக்டோபர் அடைமழை, இரண்டுக்கும் அடுத்த நாள் அலுமினியத் தகட்டின் இடுக்குகளிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பினால் ஸ்டீம் கசிவு என்று பதறாதீர்கள். ராக்வூல் தண்ணீர் குடித்திருக்கிறது, குழாய் அதைக் காய்ச்சி விரட்டுகிறது. ஒவ்வொரு லிட்டரும் ஏறக்குறைய ஒரு கிலோ ஸ்டீமின் சூட்டைத் தின்றுவிட்டுத்தான் போகும்.

தகட்டின் சேர்மானம் குழாயின் உச்சியில் இருந்தால் அது மழைக்கு வாய் திறந்து வைத்த மாதிரி. திருப்பிப் பக்கவாட்டில், மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் படியும்படி வைத்து சீலன்ட் போடுங்கள். அடியில் சின்ன வடிகால் துளைகள் விடுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஊறிய ராக்வூல் காய்ந்தாலும் பழைய உப்பல் வராது, அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது குழாயைச் சுரண்டிப் பாருங்கள். துரு தகடு தகடாக உரிந்து வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, குழாயின் கனத்தை அளக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: காற்று அடித்தால் பிரஷர் இறங்குகிறது

ஜூன், ஜூலை மேல்காற்றில் இது இயல்பு. ரிசீவரின் திறந்த முகத்தைக் காற்று வழித்துக்கொண்டு போகிறது. ரிசீவரைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குத் தகட்டு வளையம் போட்டால், ஒளியை மறைக்காத அளவுக்கு மட்டும், கொஞ்சம் தேறும். பின்பக்கத்து ராக்வூல் மூடி பறந்துவிடவில்லையே என்றும் பாருங்கள். டிஷ்ஷே ஆடுமளவு காற்று என்றால் சமையல் முக்கியமில்லை, டிஷ்ஷைக் காற்றுக்கு முகம் காட்டாதபடி நிறுத்திக் கட்டுங்கள்.

## அறிகுறி: ஸ்டீமோடு தண்ணீர், குழாயில் 'டங் டங்'

மட்டம் அதிகம், அல்லது மாஸ்டர் வால்வைப் படாரென்று திறக்கிறார். மட்டத்தைக் குறைத்து, வால்வைக் கால் சுற்று கால் சுற்றாகத் திறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் குழாய் இடித்தால் மெயின் வால்வை மெதுவாக மூடிவிடுங்கள். அந்த இடி ஃபிளாஞ்சையே பிளக்கும்.

## உடனே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியவை

ரிசீவர் முகத்தில் புடைப்பு. வெல்டிங் ஓரத்தில் கண்ணீர் மாதிரி கசிவு. சேஃப்டி வால்வு குறித்த பிரஷரில் திறக்காமல் இருப்பது, அல்லது திறந்தது மூடாமல் இருப்பது. அதை யாரும் கம்பி கட்டியோ திருகியோ "சரி" செய்யக் கூடாது. பிரஷர் தாங்கும் பாகத்தில் வெல்டிங் என்றால் ஐ.பி.ஆர். (இந்தியக் கொதிகலன் விதிமுறை) சான்று உள்ள வெல்டர்தான். உங்கள் அமைப்பு கொதிகலன் சட்டத்துக்குள் வருமானால் கர்நாடகத்தில் தொழிற்சாலை மற்றும் கொதிகலன் துறைக்குச் சொல்லாமல் கை வைக்காதீர்கள். தெருமுனை வெல்டர் நன்றாகவே ஒட்டுவார், கேட்டுக்கும் கிரில்லுக்கும்.

போனில் அவர்களிடம் "ஸ்டீம் வரல" என்று மட்டும் சொன்னால் மூன்று நாள் கழித்துக் கண்ணாடி கழுவ ஆள் அனுப்புவார்கள். கேஜ் எவ்வளவு, அதே நேரம் தெர்மாமீட்டர் எவ்வளவு, மேலே என்ன, கீழே என்ன, காலை ஆறு மணிக்கு ஹெடர் என்ன சூடு, வட்டம் எப்படி விழுகிறது, எந்த ட்ராப் சீறுகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வட்டத்தை வெல்டிங் கண்ணாடி வழியாக ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். சரியான ஸ்பேரோடு முதல் தடவையிலேயே வருவார்கள்.